ஒரு நிமிடம் கூடலாம், குறையலாம்

நான் பொய்க் கணக்குக் கொடுத்தேன். அதை நம்பி நான்கு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இதுவரை யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது, அதனால் உங்களிடம் சொல்ல முடிகிறது. பொய் என்று எழுதிவிட்டேனே தவிர, அது பொய்தானா என்பது இன்னும் எனக்கே பிடிபடவில்லை... சொன்ன எண் பலித்துவிட்டது! பலித்த எண்ணைப் பொய் என்று எப்படிச் சொல்வது? முழுவதும் கேட்டுவிட்டு நீங்களாவது ஒரு முடிவுக்கு வாருங்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினோரு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். என்னைத் தேடி வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் பிள்ளைக்கு இன்டர்னல் மார்க் கேட்டு வருபவர்கள்தான். என் பாடத்தைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் லாட்ஜ் வைத்திருப்பவர். அவரை முதலாளி என்றே சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம்.

அவருடைய லாட்ஜின் பின்புறம் தகரக் கூரை போட்ட கூடம் ஒன்று உண்டு. சீசன் காலத்தில் அதில் பத்துப் பேர் நின்று, வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். முதலில் எண்ணெய், பிறகு அருவி. குற்றாலம் வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முதலாளியின் கேள்வி சின்னது. பத்துப் பேர் வேண்டுமா, ஆறு பேர் போதுமா? காத்திருக்கும் நேரம் அரைமணிக்குள் இருந்தால் ஆட்கள் பொறுப்பார்கள், அதைத் தாண்டினால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

முடியுமாவா! எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று பதினோரு வருடம் காத்திருந்தவன் நான்.

அந்தச் சீசனிலேயே அளவெடுக்கத் தொடங்கினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடத்தின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு. யார் எப்போது வந்தார், எப்போது பெஞ்சில் படுத்தார், எப்போது எழுந்தார்... சாரல் உள்ளே அடித்து நோட்டு நமத்துப்போகும். தேய்க்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இசக்கிமுத்து அண்ணாச்சி மட்டும் பேச்சுக் கொடுத்தார்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அந்தக் கூடத்தில் அவரைப் போல ஏற்ற இறக்கத்தோடு வேலை செய்தவர் யாரும் இல்லை. ஒருவரைப் பன்னிரண்டு நிமிடத்தில் எழுப்பி அனுப்பிவிடுவார். அடுத்தவரிடம் முக்கால் மணிநேரம் நிற்பார். மற்ற ஒன்பது பேரும் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம், ஆள் யாராக இருந்தாலும் இருபத்தைந்து நிமிடம்.

ஏன் அண்ணாச்சி இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லா ஒடம்பும் ஒண்ணா சார்? எண்ணெ எங்கன எறங்க மாட்டேங்கோ, அங்கனதான நிக்கணும்" என்றார்.

அன்றைக்கு என்னையும் பெஞ்சில் படுக்கச் சொன்னார். வலது தோள்பட்டைக்கு அடியில் கட்டை விரலை வைத்தவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. போர்டில் எழுதி எழுதி அங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். எழுந்தபோது கை காற்றில் போவதைப்போல மேலே போனது. ஐம்பத்திரண்டு நிமிடம். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வரிசையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அருவியில் தண்ணீர் கூடிவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். எண்ணெய் உடம்போடு அறைக்குள் வரக் கூடாது என்று லாட்ஜில் அட்டை தொங்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் எங்கே போவார்? தடை நீங்கும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் எழாமல் அடுத்தவர் படுக்க முடியாது. ஆக, ஒருவர் ஒருமணிநேரம் காத்திருந்தால் அவருக்குப் பின்னால் நிற்கிற முப்பது பேரும் அப்படித்தான் காத்திருக்க வேண்டும். இதை அப்படியே என் புரோகிராமில் எழுதிச் சேர்த்தேன். அந்தப் பகுதியை எழுதி முடித்த அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இனி வருவதுதான் என் குற்றம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சிமுலேஷன் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு கூடம், ஆறு பெஞ்சு, தாயம் உருட்டுவதுபோல ஆள் வருவது, போவது, தடை விழுவது. உருட்டலைத் தொடங்க ஒரு எண் கொடுக்க வேண்டும். என் மோட்டார் சைக்கிள் நம்பரைக் கொடுத்தேன். ஒரு முழுச் சீசன் ஓடி முடிந்தது. பத்தாயிரம் பேர் வந்துபோனார்கள். சராசரிக் காத்திருப்பு இருபது நிமிடம்.

சரி, இந்த இருபதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஏற்ற இறக்கம் எவ்வளவு? பள்ளிப் புத்தகத்தில் விலக்க வர்க்கச் சராசரி என்று போட்டிருக்கும், நாங்கள் வேரியன்ஸ் என்போம். எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் சூத்திரத்தில் பத்தாயிரம் பேரையும் போட்டால், ஒரு நிமிடம் கூடலாம், ஒரு நிமிடம் குறையலாம் என்று வந்தது. பார்க்க அழகான விடை!

ஆனால் அந்தச் சூத்திரம் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பத்தாயிரம் பேருக்கானது. இங்கே முன்னால் நிற்பவரின் தாமதம் பின்னால் நிற்பவரின் தலையில் விழுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானையில் வெந்ததால்தானே ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடிகிறது? அப்படியானால் பத்தாயிரம் சோற்றை நசுக்கிப் பார்த்தாலும் பார்த்தது ஒரே பானைதான். அடுத்த உலை குழையுமா, விறைக்குமா என்று அது சொல்லாது. அதற்குப் பல பானை வைத்துப் பார்க்க வேண்டும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஐந்தாம் செமஸ்டரில் நானே நடத்துகிறேன்!

இருபது பானை வைத்தும் பார்த்தேன். தொடக்க எண்ணை மாற்றி மாற்றி இருபது சீசன் ஓட்டினேன். ஒரு சீசனில் சராசரி எட்டு நிமிடம், அடுத்ததில் முப்பத்து நான்கு, பிறகு பதினொன்று, பிறகு முப்பத்து மூன்று... மொத்தத்தில் இருபதுதான். ஆனால் பதினைந்து கூடலாம், பதினைந்து குறையலாம்.

லேப்பில் தனியாக உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், முப்பத்தைந்தாகவும் இருக்கலாம் என்று போய்ச் சொன்னால் முதலாளி என்ன நினைப்பார்? இதைச் சொல்லவா ஒரு சீசன் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்தான் என்று கேட்கமாட்டாரா? காலேஜ் சார் கணக்குப் போடுகிறார் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடைத்தெருவில் இரண்டு பேர் என்னை நிறுத்தி அதைப் பற்றி விசாரித்தும் இருந்தார்கள்.

அது பெருமையா, பயமா, வெறும் சோம்பலா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது.

அந்த இருபது சீசனையும் அழித்தேன். மோட்டார் சைக்கிள் நம்பரில் ஓடிய முதல் சீசனை மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்த சீசன் தொடங்கும் முன், வைகாசியில் ஒரு நாள், முதலாளியின் மேஜையில் ரிப்போர்ட்டை வைத்தேன்.

அவர் புரட்டிப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"உறுதியா சார்? அரைமணிக்கு மேல போயிராதே?"

நான் சொன்னேன், "ஒரு நிமிஷம் கூடலாம், ஒரு நிமிஷம் குறையலாம். அவ்வளவுதான்."

அரைமணியைத் தாண்டவும் கூடும் என்று சொல்லியிருந்தால் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டிருப்பேன் என்று அவரே பிறகு வேறொரு பேச்சில் சொன்னார். சராசரியால் அந்த நான்கு பேர் போகவில்லை. ஒரு நிமிடம் என்ற அந்தச் சின்ன எண்ணால் போனார்கள். யார் யார் என்பதை முதலாளியே முடிவு செய்தார். வயதில் மூத்த நான்கு பேர். அதில் இசக்கிமுத்து அண்ணாச்சி ஒருவர்.

அந்தச் சீசன் எப்படி இருந்தது தெரியுமா? சாரலே இல்லை! அருவி நூலாக விழுந்தது. தடை போட வேண்டிய அளவுக்குத் தண்ணீர் வந்தால்தானே? வந்த கூட்டத்துக்கு ஆறு பேர் தாராளமாகப் போதும். முதலாளி என்மேல் உள்ள மரியாதையில் காத்திருப்பு நேரத்தையெல்லாம் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார். கூட்டிப் பார்த்தால் சராசரி இருபது நிமிடம்! இருபத்தொன்று கூட இல்லை.

எனக்கு வேட்டி சட்டை எடுத்துக்கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்கும் ஒன்று தெரியவில்லை... அந்த வறண்ட சீசனில் பத்துப் பேரை வைத்திருந்தால் நான்கு பேர் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்களே, முதலாளி பாதியில் அவர்களை அனுப்பியிருப்பாரோ? என் பொய் அவர்களுக்கு எதையாவது கெடுத்ததா, எதையும் கெடுக்கவில்லையா? லேப்பில் என்றால் எண்ணை மாற்றி இன்னொரு சீசன் ஓட்டிப் பார்த்துவிடுவேன். நடந்தது ஒரே ஒரு சீசன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

என் மனைவி ஜெயாவிடம் பாதியைச் சொன்னேன். அழித்ததைச் சொல்லவில்லை, நான்கு பேர் போனதை மட்டும் சொன்னேன். "ஆளக் குறைச்சது அவரு. நீங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" என்றாள். நியாயமான கேள்விதான். பாதிக் கணக்கைக் காட்டினால் அப்படித்தான் விடை வரும்.

அந்த வறண்ட சீசனின் ஆடி மாதத்தில்தான் அண்ணாச்சியைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆலங்குளம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அங்கே ஹாலோ பிளாக் போடும் இடத்தில் வேலை என்றார். உள்ளங்கையில் சிமென்ட் அரித்து வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

அவர் சிரித்தார். "ஒங்க மேல தப்பில்ல சார். நான் கை மெதுவு. ஒருத்தருக்கு முக்கா மணிநேரம் நின்னா மொதலாளிக்குக் கட்டுமா? இம்புட்டு வருசம் எனக்கே தெரியல. நீங்க கடியாரத்த வச்சிப் பாத்தாத்தான தெரியுது."

உங்களுக்குப் புரிகிறதா? நான் நோட்டில் எழுதிய நிமிடங்கள்தான் தன்னைத் தள்ளின என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்!

அவருடைய சராசரி இருபத்தைந்து நிமிடம். மற்றவர்களுக்கும் அதேதான். அவர் மெதுவானவர் இல்லை. ஒரு வாக்கியம் போதும், அண்ணாச்சி நீங்கள் மெதுவில்லை என்று. அதைச் சொன்னால் பிறகு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பார். அதற்கும் விடை சொல்ல வேண்டும்.

அதற்குள் பஸ் வந்தது. கூட்டத்தோடு முண்டியடித்து ஏறினார். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார், நானும் காட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு குழப்பம் வந்து சேர்ந்தது. சராசரி ஒன்றாகவே இருந்தாலும், தேய்க்கும் நேரத்தில் ஏற்ற இறக்கம் கூடினால் வரிசை நீளும். இதுவும் நான் நடத்துகிற பாடம்தான். அப்படியானால் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறதோ? அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு நான் பல மாதம் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. அவர் கை எங்கே நின்றதோ அங்கே ஒருவருக்கு வலி இருந்தது. அதை நான் பிழை என்று எழுதினால் எதைத்தான் சரி என்று எழுதுவேன்?

இந்த ஆண்டு ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. மூன்று நாளைக்கு ஒருமுறை அருவியில் தடை. எண்ணெய் உடம்போடு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழவில்லை. தடை விழுந்த நாட்களில் காத்திருப்பு ஒன்றரை மணிநேரம், இரண்டு மணிநேரம் என்று போனது. நான் அழித்த இருபது சீசன்களில் இப்படியும் சில இருந்தன...

இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முதலாளியிடம் போனேன். என் கணக்கில் பிழை இருந்தது, ஒரு நிமிடம் இல்லை, பதினைந்து என்று சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் என் தோளில் தட்டினார்.

"போன வருசம் இருவதுன்னு சொன்னிய, இருவதுதான் இருந்துச்சி. பெறவு என்ன சார்? இந்த வருசக் கூட்டம் அப்படி. அதுக்குக் கணக்கு என்ன செய்யும்?"

அவரைப் பொறுத்தவரை கணக்கு பலித்துவிட்டது. பலித்த கணக்குக்கு மன்னிப்புக் கேட்கிறவனை அவர் எங்கும் பார்த்திருக்க மாட்டார். நிறுத்திய நாலு பேரையும் திரும்பக் கூப்பிட்டாயிற்று, அந்தக் கவலை வேண்டாம் என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

திரும்பக் கூப்பிட்டாயிற்று! அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிவிட்டால் முடிந்தது என்று பின்பக்கக் கூடத்துக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துப் படுக்கச் சொன்னார். குப்புறப் படுத்துக்கொண்டு பேசுவது எளிது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று நானும் படுத்தேன்.

"செல்போன எடுங்க சார். கடியாரத்த வைங்க" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை. நான் ஸ்டாப்வாட்சை அழுத்தும்வரை கையை வைக்காமல் காத்திருந்தார்.

முதுகில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல அந்தக் கை ஓடியது. சிமென்ட் இன்னும் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கால். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு. வலது தோள்பட்டைக்கு அடியில் பழைய முடிச்சு மறுபடி விழுந்திருந்தது. விரல் அதன்மேல் ஏறி இறங்கியது. ஒரு கணம் நின்றது, நான் மூச்சைப் பிடித்தேன். பிறகு கீழே போய்விட்டது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் போனார்.

"எத்தன சார்?"

"பத்தொன்பது, அண்ணாச்சி."

"முந்தின ஆளுக்கும் பத்தொம்பதுதான். அதுக்கு முந்தின ஆளுக்கும் பத்தொம்பது. கணக்குப் போட்டுப் பாருங்க."

பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது. விலக்கம் பூஜ்யம். இதற்கு நோட்டு வேண்டியதில்லை. என் வாழ்நாளில் ஏற்ற இறக்கமே இல்லாத ஓர் அளவை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதை உண்டாக்கியவன் நான்.

எழுந்து உட்கார்ந்தேன். நீங்கள் மெதுவானவர் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹாலோ பிளாக் இடத்தில் ஓர் ஆண்டு தன்னைத் தானே குறைசொல்லி, கையைக் கட்டிப்போட்டுப் பழகியது எல்லாம் எதற்கு என்று அவர் கேட்பார். இப்போது சொல்வது அவருக்கு நல்லதா, எனக்கு மட்டும் நல்லதா... அதுவும் விளங்கவில்லை.

அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இனி என்னைய நிப்பாட்ட மாட்டாவல்லா, சார்? நீங்க கணக்குத் தெரிஞ்சவிய. உறுதியாச் சொல்லுங்க."

வெளியே தடை போட்டிருந்தார்கள். எண்ணெய் உடம்போடு நான் எங்கும் எழுந்து போக முடியாது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் என் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்ட மாட்டாங்க அண்ணாச்சி" என்றேன். "உறுதியா."